தொட்டால் கத்தும்

என் மருமகளுக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் சைரன். வாய் பெரிது என்பதால் வந்த பெயர் இல்லை. வாயும் பெரிதுதான், ஆனால் பெயர் வந்தது தொழிலால். கார்களுக்கு அலாரம் மாட்டிக்கொடுக்கிறாள். கதவை நெம்பினால், கண்ணாடியைத் தட்டினால் ஊரைக் கூட்டுகிற பெட்டி இருக்கிறதே, அது.

அவளுடைய அப்பா ரேடியோ பழுதுபார்த்தவர். மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுதபோது இவள் உடைந்த ரேடியோவுக்கு அழுதாளாம். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். ஒன்று லேசு, ஒன்று கனம். கனமானதை என் மகன், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினான். திறந்து பார்த்தால் ஸ்க்ரூ டிரைவரும் ஒயர்க்கட்டும்.

"உனக்கு வாய்ச்சது பொண்டாட்டியா, மெக்கானிக்காடா?" என்று மகனைக் கேட்டேன்.

அவள் முந்திக்கொண்டாள். "ரெண்டும்தான் அத்தை. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

அன்றைக்கே புரிந்துபோயிற்று, இவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. அதுதான் அவள் கடை. சுவரில் ஆணி அடித்து நிறம் நிறமாக ஒயர் தொங்கும். மேலே நீலப் பலகை, அதில் இரண்டு வரி: "தொட்டால் கத்தும். திருடன் ஓடுவான்." இரண்டாவது வரி அவளே யோசித்தது. பெயின்டர் பக்கத்திலேயே நின்று எழுதவைத்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கக் கேட்டுக் கேட்டு இரண்டும் மனப்பாடம்.

பக்கத்துக் கடை கார்க் கண்ணாடி மாற்றுகிறவருடையது. கண்ணாடி உடையக்கூடாது என்பது இவள் பிழைப்பு, உடைந்தால்தான் அவர் பிழைப்பு. ஆனாலும் ஒரே கெட்டில் டீயை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

"தங்கச்சி, நீ ஜெயிச்சுட்டா நான் பட்டினி" என்பார் அவர்.

"பயப்படாதீங்கண்ணே. பந்து விளையாடுற பிள்ளைங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்குச் சோறு உண்டு" என்பாள் இவள்.

அலாரப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் லேசாகத் தொட்டாலே கத்தும், இடப்பக்கம் திருகினால் ஓங்கி இடித்தால்தான் கத்தும். அதற்குப் புத்தகத்தில் என்ன பெயரோ, இவள் அதைக் கூச்சம் என்பாள். "இந்த வண்டிக்குக் கூச்சம் ஜாஸ்தி", "அந்த வண்டிக்குக் கூச்சத்தைக் கொறைச்சிருக்கேன்" என்று அவள் பேசுவதைக் கேட்டால், அக்குளில் கை வைத்தவுடன் நெளிகிற குழந்தைகளைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

வேலை முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு சடங்கு நடக்கும். வந்தவர் பானெட்டில் கையால் ஒரு தட்டுத் தட்டுவார். வண்டி அலறும். அவர் முகம் மலரும். அலறாவிட்டால், "என்னம்மா, வேலை செய்யலையே" என்று முகம் சுருங்கிவிடும். அதனால் இவள் எல்லா வண்டிக்கும் திருகை வலப்பக்கம் கடைசிவரை திருகிவைப்பாள். பிறகு சாவியைக் கையில் கொடுத்து எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள்: "நடுவுல சும்மாவும் கத்தும். லாரி போனா, பூனை ஏறினா, இடி இடிச்சா கத்தும். கண்டுக்காதீங்க."

இந்தத் தெருவில் பாதி வண்டிகள் இவள் கை பட்டவை. எனவே தெரு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு லாரி திரும்பினால் போதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைக்கும். விடிகாலைப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிற என் மகன், தலையணையைக் காதின் மேல் போட்டுக்கொண்டு, "உலகத்துல எல்லாரும் பொண்டாட்டி கத்துனா எழுந்திருப்பாங்க. என் பொண்டாட்டி ஊரையே கத்தவைக்கிறா, நான் தூங்கிக்கிட்டிருக்கேன்" என்பான்.

அப்படிப்பட்ட ஒரு பகலில்தான் அது நடந்தது. நானும் அவளும் கடைக்குள் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு வண்டி கத்தத் தொடங்கியது.

"யாரு வண்டியோ கத்துதே" என்றேன்.

"சும்மா கத்துது அத்தை. லாரி போயிருக்கும்."

"லாரி எதுவும் போகலையேம்மா."

"அப்ப பூனை" என்று சொல்லி அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

அதுவும் கத்திக் கத்தி ஓய்ந்தது. பாத்திரம் நிறைவதற்குள் நர்ஸம்மா வாசலில் வந்து நின்றாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற நர்ஸ். அவள் வண்டிக்கு அலாரம் மாட்டியதும் இவள்தான். மருந்துக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடிக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறாள். "எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன்" என்றாள். பை பின்சீட்டில் இருந்தது. திரும்பி வந்தால் கண்ணாடித் தூள் சீட்டில் கிடக்கிறது, பையைக் காணோம்.

வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவி அந்தப் பையில்தான் இருந்தது.

"இன்னொரு பை குடுப்பாங்க. அதுவும் தொலைஞ்சா என்னை வார்டுலயே உக்கார வச்சுடுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாக்கிற வேலை எனக்கு இல்ல" என்றாள் நர்ஸம்மா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. "நீங்க சொன்னதாலதான் பையை வண்டில வச்சேன். நேரா சொல்லுங்க. இதை நம்பி இனிமே பையை வைக்கலாமா, கூடாதா?"

பலகையிலேயே எழுதியிருக்கிறது, இவள் படித்துக் காட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் படிக்கவில்லை.

"தெரியல நர்ஸம்மா. விசாரிச்சுச் சொல்றேன். எழுதிவச்சது பொய்யா இருந்தா பலகையை இறக்கிடறேன்."

மகனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "யாராவது தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்களா?" என்றான்.

"அது மண்ணா இல்லையான்னுதான் பாக்கப்போறேன்" என்றாள்.

அவள் சுபாவம் அது. ஒரு பெட்டி வேலை செய்யவில்லை என்றால் கோபம் வராது, ஆசை வரும். ஏன் என்று தெரிகிறவரை சாப்பாடு இறங்காது. கண்கள் ரேடியோவுக்கு அழுத குழந்தையின் கண்கள் மாதிரி ஆகிவிடும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முதலில் தெருவுக்குப் போனாள். எல்லோரும் அவளை எதிர்பார்த்தது போலவே பேசினார்கள்.

முடிவெட்டுகிறவர், "கேட்டுச்சும்மா. ஆனா கையில கத்தி, நாற்காலியில ஆளு. நீதானே சொன்ன, சும்மா கத்தும் கண்டுக்காதீங்கன்னு" என்றார்.

எங்களுக்கு எதிர் மாடியில் குடியிருக்கிற பெண், "நான் ஜன்னலைச் சாத்திட்டேன் அக்கா. குழந்தை தூங்கிட்டிருந்தான். நீங்கதான் கண்டுக்காதேன்னு சொன்னீங்க" என்றாள்.

மருந்துக்கடைக்காரர்தான் எல்லோரையும் மிஞ்சினார். அவர் திருடனையே பார்த்திருக்கிறார்.

"பாத்தீங்களா? பாத்துட்டு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கண்ணாடி பக்கம் குனிஞ்சு நின்னான். வண்டி கத்துது, அவன் சுத்திமுத்திப் பாக்கிறான். முகத்துல ஒரு கூச்சம். சரி, இவன் வண்டிதான் போலிருக்கு, நம்மளை எல்லாம் தொந்தரவு பண்றோமேன்னு கூச்சப்படறான்னு நெனச்சேன். திருடன்னா கூச்சப்படுவானா?"

இவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "கூச்சம் எங்க இருக்கணுமோ அங்க இல்லாம, எங்கெங்கயோ இருக்கு அத்தை" என்றாள்.

"நான் சொன்னப்பவே எழுந்து பாத்திருக்கலாம்" என்றேன்.

"பாத்திருக்கலாம் அத்தை."

இதை நான் பிறகும் பல தடவை சொல்லிக்காட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவள் பாத்திருக்கலாம் அத்தை என்றாள். அலுத்துப்போய் நானே நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து கண்ணாடிக்காரர் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி உடைந்து யார் வந்தாலும் பிடித்துக்கொள்வாள். அலாரம் இருந்ததா, கத்தியதா, நீங்கள் எங்கே இருந்தீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன தெரியும்? கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, வர்றவன் திருட்டு குடுத்த துக்கத்துல வர்றான். நீ போலீஸ் மாதிரி கேக்கிற."

"போலீஸு கேக்காததைத்தான் கேக்கிறேன் அண்ணே."

"என்னைக் கேட்டா நானே சொல்லிருப்பேன். அலாரம் போட்ட வண்டிக்கும் நான்தான் கண்ணாடி மாத்துறேன், போடாத வண்டிக்கும் நான்தான் மாத்துறேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"டீ நீ வாங்கறியே, எப்படிச் சொல்றது?"

கேட்கக் கேட்க ஒன்று தெளிவாகிக்கொண்டு வந்தது. அலாரம் இருந்ததோ இல்லையோ, உடைபட்ட வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வெளியே தெரிந்திருக்கிறது. பை, பெட்டி, மேல் சட்டை, சீட்டின் மேல் போட்ட துண்டு. ஒருவர் வியர்வைத் துணிகளைப் பையில் கட்டிப் போட்டிருந்தார். அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "பிரிச்சுப் பாத்தப்ப அவன் மூஞ்சியைப் பாக்கணுமே" என்று அவரே சிரித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியாது. பையைப் பார்த்தால் கை நீளுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தட்டை மூடிவைக்காமல் பூனையைத் திட்டுவானேன்? ஆனால் இவளுக்கு அது போதவில்லை. தெருக்காரர்கள் தான் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவர்கள், வேறு இடத்திலும் இப்படித்தானா என்று பார்க்கவேண்டும் என்றாள். எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு, ஜன சந்தடியான கடைவீதிக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

நானும் அவளும் எதிர்ப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். கண்ணாடிக்காரர் தட்டையான இரும்புப் பட்டை ஒன்றைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் விட்டுப் பூட்டை நெம்பத் தொடங்கினார். வண்டி காது கிழியக் கத்தியது. பட்டப்பகல். அவர் பெரிய ஆள், வெள்ளைச் சட்டை, மறைக்க முடியாத தொப்பை. திருடன் என்று சொல்ல வேறு என்ன வேண்டும்?

ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு போனார். ஒரு அம்மாள், "பேட்டரியைக் கழட்டுங்க சார், தலை வலிக்குது" என்று அதட்டினாள். கண்ணாடிக்காரர் பயந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு கையில் தோல்பெட்டியோடு ஒருத்தர் வந்து நின்றார். கண்ணாடிக்காரர் அகப்பட்டார், இவர் பிடிக்கப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சாவி உள்ள மாட்டிக்கிச்சா?" என்றார் அவர். "எனக்கும் இதே கதைதான் ஆச்சு. தள்ளுங்க, நான் பிடிச்சுக்கறேன்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரப்பரை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் கை குலுக்கிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, நான் தொழிலை மாத்திக்கலாம் போலிருக்கு. உதவிக்கு ஆளும் கிடைக்குது."

திரும்பி வரும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாத்தையும் கழட்டி ஆத்துல போடு. கத்தற எழவு ஒழிஞ்சா உன் புருஷனாவது நிம்மதியா தூங்குவான்" என்றேன்.

"அவசரப்படாதீங்க அத்தை. ரெண்டு பேர் தப்பிச்சிருக்காங்க. அது எப்படின்னு தெரியலையே."

ஸ்டூலில் உட்கார்ந்து விசாரித்தபோது அகப்பட்ட இரண்டு பேர். கண்ணாடி உடைந்தும் பொருள் போகாமல் தப்பியவர்கள். ஒருவர் ரொட்டி சுடுகிறவர். வண்டி கத்தியதும் மாவுக் கையோடு ஓடிவந்திருக்கிறார், திருடன் ஓடிவிட்டான். இவள் மறுபடி அவரைத் தேடிப் போய்க் கேட்டாள்: "உங்க வண்டிதான் கத்துதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"என் கடைக்குப் பின்னாடி வேற யாரு வண்டி நிக்கும்? கத்துனா என்னதுதான்."

இன்னொருவர் ஒரு டீச்சர். முதல் மாடி வகுப்பிலிருந்து ஜன்னல் வழியாக, "ஏய், யாரது" என்று ஒரு குரல் கொடுத்தாராம். கீழே நிறைய வண்டிகள் நின்றிருக்கின்றன. அதில் தன் வண்டி என்று எப்படிக் கண்டுபிடித்தார்?

"என் வண்டி தொண்டை கட்டின மாதிரிக் கத்தும். மழைல தண்ணி போனதுலேருந்து அப்படித்தான். மாத்தணும் மாத்தணும்னு நெனச்சேன், நேரம் இல்ல."

இவள் அங்கிருந்து ஓட்டமாக வந்தாள். கடைவாசலில் மூச்சு வாங்க நின்று, "அத்தை, கெட்டுப்போனதுதான் வேலை செஞ்சிருக்கு" என்றாள். எதையோ கண்டெடுத்த சந்தோஷம் முகத்தில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸம்மாவுக்குத்தான் உடனே புரிந்தது. புதுப் பையோடு, பதில் கேட்க வந்திருந்தாள். இவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வார்டுலயும் அப்படித்தான். எல்லாக் குழந்தையும் கத்தும். எல்லா அம்மாவும் தூங்குவாங்க. தன்னோடது கத்தினா மட்டும் அவ எழுந்திருப்பா."

"அதேதான் நர்ஸம்மா. இது தெருவைக் கூப்பிடாது, சொந்தக்காரரைத்தான் கூப்பிடும். அவர் காதுக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், தன் வண்டின்னு தெரியணும், நாளெல்லாம் சும்மா கத்தாம இருக்கணும். மூணும் இருந்தா ஓடிவருவார்."

"நான் நாலாவது மாடியில ஒரு ரூமுக்குள்ள இருப்பேன்."

"அதனால உங்களுக்கு..." இவள் கொஞ்சம் நிறுத்தினாள். ஒரு கடைக்காரி இந்த இடத்தில் நிறுத்தினால், அடுத்து வருவது அவளுக்கு நல்லதாக இருக்காது. "நீங்க இதை நம்பிப் பை வைக்கக்கூடாது. சீட்டுல ஒண்ணும் இருக்கக்கூடாது. முன்னாடி இருக்கிற டப்பாவையும் தொறந்தே வச்சுடுங்க, ஒண்ணும் இல்லன்னு அவனே பாத்துக்கட்டும். அலாரத்தைக் கழட்டிடவா?"

நர்ஸம்மா யோசித்தாள். "அந்தச் சின்ன வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னு எரியுதே, அது இருந்துட்டுப் போகட்டும். அதைப் பாத்து ஒருத்தன் பயந்தாலும் லாபம்தான். பை என்னோட வரும்."

"கனமா இருக்குமே?"

"கனம்தான். ஆனா தொலைஞ்சா அதைவிடக் கனம்."

இவள் அப்போதே நர்ஸம்மாவின் வண்டிக்குள் தலையை விட்டு, அந்தத் திருகை இடப்பக்கம் திருப்பினாள். அன்று தொடங்கி, பழைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எல்லா வண்டிக்கும் கூச்சத்தைக் குறைத்தாள். பெட்டிக்குள் பல விதமாகக் கத்துகிற வசதி முதலிலேயே இருந்ததாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருந்தவள் இவள்தான். இப்போது ஒவ்வொருவரையும் நிற்கவைத்து எல்லாவற்றையும் கேட்கவைத்து, பிடித்ததை எடுக்கச் சொல்கிறாள். முடிவெட்டுகிறவர் வாத்து மாதிரிக் கத்துவதை எடுத்திருக்கிறார். சும்மா கத்தும் கண்டுக்காதீங்க என்ற பாட்டை நிறுத்திவிட்டாள். சும்மா கத்தினால் உடனே கொண்டுவாங்க என்கிறாள்.

வியாபாரம் முன்பு போல இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். வந்தவர் பானெட்டைத் தட்டுகிறார், வண்டி கத்துவதில்லை. இவள் விளக்கம் சொல்லத் தொடங்குகிறாள். பாதிப் பேர் கேட்கிறார்கள், மீதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தொட்டவுடன் கத்துகிறது.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். ஏணியைச் சுவரில் சாத்தியபோது நான் வாசலை மறித்து நின்றேன். "பலகை அது பாட்டுக்கு இருக்கட்டும். கடைன்னா கொஞ்சம் கூட்டிக் கொறைச்சுத்தான் எழுதுவாங்க. யாரு வந்து உன்னைக் கேக்கப்போறா?"

"நர்ஸம்மா கேட்டாங்களே அத்தை."

மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டான். தெரு அமைதியாகி, பகலில் நன்றாகத் தூங்கத் தொடங்கியிருந்தான், அந்த நன்றி. "இறக்கப்போறியா இல்லையா, சீக்கிரம் சொல்லு, கை வலிக்குது" என்றான்.

அவள் மேலே ஏறிப் பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இறங்கிவந்து, ஆணி பிடுங்குகிற சுத்தியலை வைத்துவிட்டு நீலப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். கீழ் வரியை மட்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பூசி மறைத்தாள்.

கண்ணாடிக்காரர் தம் கடை வாசலிலிருந்து தலையைத் தூக்கிப் படித்தார். "தொட்டால் கத்தும். இவ்வளவுதானா தங்கச்சி?"

"இவ்வளவுதான் அண்ணே எனக்குத் தெரிஞ்சது."

அவள் பூசிய பெயின்ட் மட்டமானது போலிருக்கிறது. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு பக்கமாகப் பார்த்தால் அடியில் பழைய எழுத்து மேடு தட்டித் தெரிகிறது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் திருடன் ஓடிய இடம் எது என்று தெரியும். இன்னொரு கை பூசு என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறேன். பூசுகிறேன் அத்தை என்கிறாள், இன்றுவரை பூசவில்லை. நர்ஸம்மா மட்டும் தோளில் பையைப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கீழே நடந்துபோகிறாள். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறாள், பை அவ்வளவு கனம்.